பழுதைத் தேடாமல் பிள்ளையை ஏசினோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலைக்குப் பிள்ளை அனுப்புகிறவர்களும், வீட்டில் ஒரு கம்பியூட்டர் வைத்திருக்கிறவர்களும் கடைசி வரை வாசித்தால் பிரயோசனமாக இருக்கும்.

போன மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வந்த பேச்சு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கணினி அறையின் பெரிய கம்பியூட்டர் பழுது, மதர்போர்ட் மாற்ற வேண்டும், 38,000 ரூபா தேவை, 190 பிள்ளைகளிடம் ஆளுக்கு 200 ரூபா வீதம் சேர்ப்போமா என்று கேட்டோம். அந்தப் பேச்சைக் கொண்டு வந்ததே நாங்கள்தான். இப்போது நாங்களே சொல்கிறோம்: அந்தக் காசு தேவையில்லை. யாரும் தர வேண்டாம். தந்தவர்கள் காரியாலயத்தில் கையொப்பம் வைத்துத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அது ஏன் தேவையில்லாமல் போனது, அதைவிட முக்கியமாக ஒரு பிள்ளையிடம் நாங்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. அந்தப் பிள்ளையின் வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம். பிள்ளையின் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம்.

*நடந்தது என்ன?*

எங்கள் பாடசாலைக்கு ஐ.சி.ரி. ஆசிரியர் இன்னும் வரவில்லை. கணினி அறையைப் பார்ப்பது நாங்கள் இருவர். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். அறையில் பதினொரு கம்பியூட்டர் இருக்கிறது. பத்து பழையவை. ஒன்று மட்டும் கொஞ்சம் புதியது. கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் காசு போட்டு வாங்கித் தந்தது. புள்ளிப் பதிவு, நேரசூசி, வினாத்தாள் அடிப்பது எல்லாம் அதில்தான்.

இந்த வருடம் முதலாம் தவணையில் இருந்து அதற்கு ஒரு வியாதி. இடைவேளைக்கோ ழுஹர் தொழுகைக்கோ போகும்போது ஸ்லீப்பில் போட்டு விட்டுப் போவோம். திரும்பி வந்து பார்த்தால், அப்போதுதான் புதிதாகப் போட்டது மாதிரி பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும். திறந்து வைத்த பைல் ஒன்றும் இராது. பிள்ளைகள் அதற்கு "படுத்தா எழும்புறவர்" என்று பட்டமே வைத்து விட்டார்கள்.

கடைக்குக் கொண்டு போனோம். விண்டோஸைப் புதிதாக அடித்து 3,500 ரூபா எடுத்தார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. பிறகு அதே கதை.

அந்த நாட்களில்தான் தரம் 11 பிள்ளை ஒருவர் மாணவர் சஞ்சிகைக்குக் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தார். வாப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் கம்பியூட்டர் இல்லை. பாடசாலை விட்ட பிறகு நின்று, தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி இரண்டு மணித்தியாலம் அடித்திருந்தார். தொழுதுவிட்டு வந்து மிச்சத்தை அடிக்கலாம், ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போ என்று சொன்னது நாங்கள். வந்து பார்த்தால் கட்டுரை இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "என்னத்த அமத்தின? சேவ் பண்ணத் தெரியாதா? ஏற்கெனவே பழுதான சாமான், கண்டதையும் நோண்டாதே என்று எத்தனை தடவை சொல்றது?" என்று பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசினோம்.

அந்தப் பிள்ளை அழவில்லை. ஒரு வசனம் மட்டும் சொன்னார். "சேர், ஸ்க்ரீன் கறுத்த பிறகும் உள்ளுக்கு காத்தாடி ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சி. நான் ஒண்டும் அமத்தல்ல."

அதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை அவர் கணினி அறைப் பக்கம் வரவில்லை. சஞ்சிகையிலும் அவருடைய கட்டுரை இல்லை.

மறுபடி கடைக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். "நம்மட இடத்தில அந்தப் பிழை வரல்ல சேர், ஆனா இப்படி வாறதெண்டா மதர்போர்ட்தான்" என்றார்கள். 38,000 ரூபா கதை அப்படித்தான் வந்தது.

*தூங்குவது என்றால் என்ன?*

இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் இலகு.

கம்பியூட்டர் வேலை செய்யும்போது நாம் திறந்து வைத்திருப்பதெல்லாம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு ஞாபகம். ஸ்லீப்பில் போட்டால் திரை, டிஸ்க், காத்தாடி எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். ராமுக்கு மட்டும் சின்னதாகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் திரும்ப எழுப்பும்போது விட்ட இடத்திலேயே நிற்கிறது. மேசைக் கம்பியூட்டர் உண்மையாகத் தூங்கினால் காத்தாடிச் சத்தம் நின்றுவிடும். பெரும்பாலான பெட்டிகளில் முன்பக்க லைட் விட்டு விட்டு மின்னும் அல்லது நிறம் மாறும்.

ஹைபர்னேட் என்பது வேறு. அது ராமில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். கரண்ட் போனாலும் பயமில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலமும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுக்க இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் நமக்கு மறந்திருக்காது. ஸ்லீப்பில் கிடக்கும் கம்பியூட்டருக்குக் கரண்ட் போனால் ராமில் இருந்ததும் போய்விடும். ஹைபிரிட் ஸ்லீப் என்ற வசதி போட்டிருந்தால் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கும், அப்போது தப்பலாம்.

ஸ்லீப்பில் போடும்போது விண்டோஸ் தனியாக முடிவெடுக்க முடியாது. உள்ளே இருக்கும், வெளியே செருகியிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் ட்ரைவரிடமும் "தூங்கப் போகிறோம், தயாரா?" என்று கேட்க வேண்டும். ட்ரைவர் என்பது அந்தப் பாகத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரியான ஒரு மென்பொருள். எல்லோரும் "சரி" என்று சொன்னால்தான் தூக்கம். ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும். திரை கறுத்திருக்கும், காத்தாடி ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பொறுமை இழந்து நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகும். நாம் தொழுகையில் இருந்தால் நீலத் திரையையும் காண மாட்டோம். பாஸ்வேர்ட் கேட்கும் திரையைத்தான் காண்போம்.

அந்தப் பிள்ளை சொன்ன வசனத்தை இப்போது திரும்ப வாசித்துப் பாருங்கள். "ஸ்க்ரீன் கறுத்த பிறகும் காத்தாடி ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சி." நோயின் பாதி விளக்கம் அந்த வசனத்திலேயே இருந்தது. இரண்டு ஆசிரியர்கள் பக்கத்தில் நின்றும் எங்களுக்கு அது கேட்கவில்லை.

*ஒரு சனிக்கிழமை பின்னேரம்*

காசு சேர்க்கத் தொடங்க முன் ஒரு தடவை நாங்களே பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள்: பிள்ளையின் விடை பிழை என்றால் விடையில் கீறிவிட்டுப் போகாதே, செய்கையைப் பார், எந்தப் படியில் வழுக்கியிருக்கிறது என்று பார். கணக்குக் கொப்பியில் தினமும் அதைத்தான் செய்கிறோம். அந்தக் கம்பியூட்டரின் செய்கையை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

கம்பியூட்டருக்கும் செய்கை எழுதும் கொப்பி ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று தேடினால் வரும். அதில் விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதியிருக்கும். இலக்கம் 42 என்றால் "தூங்கப் போகிறேன்". கேர்னல்-பவர் 41 என்றால் "ஒழுங்காக அணையாமல் திரும்பத் தொடங்கியிருக்கிறேன்".

எண்ணிப் பார்த்தோம். விண்டோஸ் புதிதாக அடித்த நாளில் இருந்து 17 தடவை 42 க்குப் பின்னால் 41 வந்திருந்தது. திகதியையும் நேரத்தையும் வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். 16 தடவை அந்தப் பிள்ளை அறையிலேயே இல்லை. சில தடவை சனிக்கிழமை, நாங்கள் இருவர் மட்டும் இருந்த நேரம். ஏசிய நாளுக்கு முன்பே ஒன்பது தடவை அது நடந்திருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு 41 ஒன்றைத் திறந்து விபரம் பார்த்தோம். அதில் பக்செக்கோட் என்று ஓர் இடம் உண்டு. அங்கே 159 என்று இருந்தது. இது சாதாரண எண் வடிவம். இதே எண்ணைப் பதினாறின் அடியில் எழுதினால் 9 உம் எப் உம் சேர்த்து வரும். 9 ஐப் 16 ஆல் பெருக்கி 15 ஐக் கூட்டினால் 159. தரம் 10 பிள்ளைக்கும் தெரிந்த எண் முறைமைக் கணக்குத்தான். இதன் அர்த்தம்: மின்நிலை மாறும்போது ஏதோ ஒரு ட்ரைவர் ஒத்துழைக்கவில்லை. மதர்போர்ட் செத்துவிட்டது என்று அதில் எங்கும் இல்லை.

எந்த ட்ரைவர்? அதற்கும் ஒரு பழைய முறைதான். விசைப்பலகை, மவுஸ், திரை தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினோம். ஸ்லீப்பில் போட்டோம். காத்தாடி நின்றது, லைட் மின்னியது. எழுப்பினோம், விட்ட இடத்தில் நின்றது. ஐந்து தடவை செய்தோம், ஐந்தும் சரி. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினோம். பிரிண்டர், சரி. யு.பி.எஸ். வயர், சரி. வைபை டொங்கிள்... திரை கறுத்தது, காத்தாடி நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். சில நிமிடத்தில் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனது. கழற்றினோம், சரி. செருகினோம், பிழை.

1,200 ரூபா டொங்கிள். பெப்ரவரியில் காரியாலயத்தில் இருந்து வந்த இன்டர்நெட் வயரை எலி கடித்த பிறகு வாங்கியது. வியாதி தொடங்கியதும் பெப்ரவரியில்தான். விண்டோஸ் புதிதாக அடித்த பிறகு இரண்டு கிழமை நன்றாக இருந்ததே, அந்த இரண்டு கிழமையும் டொங்கிள் அலுமாரியில் கிடந்தது. கடையில் இரண்டு நாளும் பிழை வரவில்லையே, நாங்கள் டொங்கிளைக் கொண்டு போகவே இல்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்த விடயங்களை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

காரியாலயத்தில் இருந்து புதிய வயர் இழுக்க 2,400 ரூபா முடிந்தது, எலி கடிக்காமல் குழாய்க்குள் போட்டோம். டொங்கிளைக் கழற்றி வைத்துவிட்டோம். ஒரு மாதமாகப் "படுத்தா எழும்புறவர்" ஒழுங்காகத் தூங்குகிறார்.

*வீட்டில் இப்படி வந்தால்*

எல்லாப் பெட்டிக்கும் இதே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

1. எழும்பும்போது திறந்து வைத்தவை அப்படியே இருக்கிறதா? இருந்தால் அது ரீஸ்டார்ட் ஆகவில்லை, யாரோ எழுப்பி விட்டிருக்கிறார்கள். மேசை ஆடி மவுஸ் அசைந்தாலும் எழும்பும், நெட்வேர்க் காட்டும் எழுப்பும், விண்டோஸே நேரம் வைத்து எழும்புவதும் உண்டு. கட்டளைத் திரையில் பவர் என்ற சொல்லோடு சி, எப், ஜி என்ற மூன்று எழுத்தைச் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, லாஸ்ட்வேக் என்று அடித்தால் கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் காட்டும். டிவைஸ் மனேஜரில் அந்தப் பாகத்துக்குப் போய், கம்பியூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்துவிட்டால் முடிந்தது.

2. திறந்து வைத்தவை போயிருந்தால், ரீஸ்டார்ட்தான். அப்போது 41 ஐத் திறந்து பக்செக்கோடைப் பாருங்கள். ஓர் எண் இருந்தால் பெரும்பாலும் அதுவே வழி காட்டும். 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் போயிருக்கலாம், பவர் சப்ளை பலவீனமாக இருக்கலாம், அப்படியே உறைந்து நின்றிருக்கலாம்.

3. நீலத் திரையைக் காண வேண்டும் என்றால் அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்டப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில், தானாக ரீஸ்டார்ட் ஆகும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நீலத் திரை அப்படியே நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

4. வியாதி தொடங்கிய நாட்களில் வேறு என்ன மாறியது? புதிய டொங்கிள், புதிய ராம், புதிய பிரிண்டர், விண்டோஸ் அப்டேட்? திகதியை எழுதுங்கள்.

5. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரி வந்தால் எது சரி செய்தது என்று தெரியாது.

6. ட்ரைவர், பயோஸ் அப்டேட்டுகளைப் பெட்டியைச் செய்த கம்பனியின் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். பயோஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்ட் உண்மையாகவே போய்விடலாம். யு.பி.எஸ். இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

7. பிழை பிடிபடும் வரை ஸ்லீப்பை நம்ப வேண்டாம். எழுந்து போக முன் கன்ட்ரோலும் எஸ்ஸும் அமத்திச் சேவ் பண்ணுங்கள், ஹைபர்னேட்டில் போடுங்கள் அல்லது ஓப் பண்ணுங்கள்.

*கடைக்காரரில் பிழையா?*

இதை வாசித்துவிட்டுக் கடைக்காரரை ஏசக் கிளம்ப வேண்டாம். ஒரு பிள்ளையை ஏசியது போதும்.

அவர் சொன்ன மதர்போர்ட் கதையும் வாயில் வந்ததைச் சொன்னது அல்ல. சில பெட்டிகளில் அது உண்மை. ஸ்லீப்பில் கிடக்கும்போது ராமுக்குப் போகும் அந்தச் சின்ன மின்சாரம் பவர் சப்ளையில் இருந்து 5 வோல்ட் தனி வழியாக வருகிறது. அந்த வழி பலவீனமானால் ராம் மறந்துவிடும், எழும்பும்போது புதிதாகத் தொடங்கும். எங்கள் பழைய பத்தில் ஒன்றுக்கு அதுதான் நடந்திருக்கிறது. அதன் பக்செக்கோட் 0. எல்லாவற்றையும் கழற்றியும் சரிவரவில்லை. பக்கத்துப் பெட்டியின் பவர் சப்ளையை மாற்றிப் போட்டதும் சரி வந்தது. அதற்குப் பவர் சப்ளை வாங்கத்தான் வேண்டும், அதே கடையில்தான் வாங்குவோம்.

எங்கள் குறை வேறு. பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனோம், அதோடு செருகியிருந்த ஒன்றையும் கொண்டு போகவில்லை. எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, காத்தாடி நின்றதா என்று ஒன்றும் சொல்லவில்லை. "பழுது, பாருங்க" என்று மட்டும் சொன்னோம். டொக்டரிடம் போய் "வருத்தம்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து தருவார்? கடைக்காரரும் தன் பங்குக்கு "எங்களிடம் பிழை வரவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று பில்லில் எழுதித் தந்திருக்கலாம். இரண்டு பக்கத்திலும் அந்த ஒரு படி விடுபட்டது. விலை 38,000 ரூபாவாக வந்து நின்றது.

"உங்களுக்குப் படிப்பிக்கிற வேலை இல்லையா, இதெல்லாம் டெக்னீஷியன் வேலை" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஐ.சி.ரி. ஆசிரியர் வரும் வரை அறையைப் பூட்டி வைக்க முடியாது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போன பிறகு, போனால் இன்னொன்று வாங்கலாம் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. கட்டாரில் வெயிலில் நின்று உழைத்தவர்கள் தந்த சாமான் அது. ஒரு பின்னேரம் செலவழித்துப் பார்ப்பது அவர்களுக்கு நாம் பட்ட கடன் என்றே நினைக்கிறோம்.

*நாம் கேட்பது*

ஒன்று. பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ நூலகத்துக்கோ கம்பியூட்டர் அன்பளிப்புச் செய்யும் சகோதரர்கள் சாமானோடு பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொகையையும் ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்கு பெனர் அடிக்கும் காசு ஒரு வருடப் பராமரிப்புக்குப் போதும்.

இரண்டு. ஒவ்வொரு கணினி அறையிலும் ஒரு கொப்பி தொங்க வேண்டும். திகதி, எந்தப் பெட்டி, என்ன நடந்தது, என்ன மாற்றினோம். எங்கள் அறையில் இப்போது தொங்குகிறது, பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள்.

மூன்று. 10,000 ரூபாவுக்கு மேல் திருத்தச் செலவு வந்தால், காரணம் எழுத்தில் வராமல் அபிவிருத்திச் சங்கம் காசு சேர்க்கக் கூடாது. கூட்டத்தில் இதை நாங்களே பிரேரிக்கப் போகிறோம். அந்த விதி இருந்திருந்தால் முதலில் மாட்டியிருப்பவர்கள் நாங்கள்தான்.

நான்கு. இது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். ஒரு பொருள் பழுதானால் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் இருக்கிறது. போன் விழுந்தால், ரி.வி. ஓடாவிட்டால், "நீ என்னத்த அமத்தின?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்த பிள்ளை அடுத்த தடவை கண்டதைச் சொல்லாது. பழுதைக் கண்டாலும் மெதுவாக விலகிப் போய்விடும். முதல் கேள்வியை மாற்றுவோம். "நீ என்னத்தக் கண்ட?" என்று கேட்போம். எங்களுக்கு அந்தப் பதில் கேட்காமலே கிடைத்தது, நாங்கள்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

*கடைசியாக*

ஏசியது பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால். அதனால் மன்னிப்பும் பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் கேட்டோம். 17 வரிப் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினோம். எந்த நாளில் அவர் இருந்தார், எந்த நாட்களில் இல்லை என்று விளக்கினோம். "நீங்க சொன்ன காத்தாடிக் கதை சரி மகள், நாங்க கேக்கல்ல" என்று சொன்னோம். அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பரவாயில்ல சேர்" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்று எங்களால் நினைக்க முடியவில்லை. அந்தக் கட்டுரையை அவர் திரும்ப எழுதவில்லை. எழுதச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. சஞ்சிகையின் அடுத்த இதழில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

போன கிழமை அவர் தானாக வந்தார். கட்டுரைக்காக அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் மாமியின் பழைய லெப்டொப் ஒன்று இருக்கிறதாம், மூடினால் தூங்காமல் ரீஸ்டார்ட் ஆகிறதாம், அந்த 41 ஐ எங்கே பார்ப்பது என்று கேட்டார். எங்கே என்று காட்டினோம். கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை கணினி அறை திறந்திருக்கும். வீட்டில் இப்படிப் பிழை விடும் கம்பியூட்டர் உள்ளவர்கள் கொண்டு வரலாம். காசு இல்லை. பெட்டியை மட்டும் கொண்டு வராமல், அதில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். எப்போது தொடங்கியது என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள். வீட்டில் பிள்ளை இருந்தால் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அவர் என்ன கண்டார் என்று முதலில் அவரிடம்தான் கேட்போம்.